செல்லரித்த ஏடுகளும் மணவாள மாமுனிகளும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

பெரியாழ்வாரின் அருளிச்செயலை வ்யாக்யானத்துடன் ஸேவிக்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். திருப்பல்லாண்டுக்குப் பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானம் உள்ளது. அதனை அடுத்து வரும் திருமொழிகளில் பெரும்பகுதிக்கு மணவாள மாமுனிகளின் வ்யாக்யானத்தைக் காண்கிறோம். ப்ரபந்தத்தின் இறுதியை நெருங்கும்போது மீண்டும் பெரியவாச்சான் பிள்ளையே பேசுகிறார். ஓர் ஆழ்வாரின் பாசுரங்களுக்கு இருவருடைய உரை இவ்வாறு மாறி மாறி அமைந்தது எதனால் என்று கேட்கத் தோன்றும்.

பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரம் முழுமைக்கும் வ்யாக்யானம் அருளிச்செய்த வள்ளல். அவருடைய பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தில் ஏறத்தாழ 400 பாசுரங்களுக்கான பகுதி செல்லரித்துப் போயிற்று என்பர் பெரியோர். மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் வ்யாக்யானம் அருளிச்செய்தார். பழைய ஏடு எவ்விடத்தில் கிடைக்கத் தொடங்கியதோ, அவ்விடத்தில் தம் எழுத்தாணியை வைத்துவிட்டார். மீதமுள்ள பாசுரங்களுக்கும் உரை காண அவருக்கு இயலாமல் இல்லை. முன்னோர் வாக்கு இருக்கும் இடத்தில் தம் வாக்கு வேண்டாம் என்று திருவுள்ளம் பற்றினார். அந்த நிறுத்தத்தின் பின்னே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அதனை இவ்விதழில் அநுபவிப்போம்.

மாமுனிகள் திருவவதரித்த காலத்தை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1323ஆம் ஆண்டில் தில்லிப் படையெடுப்பால் திருவரங்கம் கலங்கியது. நம்பெருமாள் கோயிலை விட்டு எழுந்தருள நேர்ந்தது. உடன் சென்ற பிள்ளை லோகாசார்யர், முதிர்ந்த திருமேனியுடன் வழிநடந்து, மதுரைக்கு அருகிலுள்ள ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். பற்பல திவ்யதேசங்களில் எம்பெருமான்களையும் ஆழ்வார்களையும் மறைவாக வேற்றிடங்களுக்கு எழுந்தருளப் பண்ணினார்கள். விக்ரஹங்களைக் காப்பதற்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், ஓலைச் சுவடிகளை யார் காப்பது? கற்றவர்கள் சிதறினார்கள், அவர்களோடு ஏடுகளும் சிதறின. 1371ஆம் ஆண்டில் விஜயநகரப் பேரரசின் படைத்தலைவரான கோபணாரியர் நம்பெருமாளைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். எம்பெருமான் திரும்பிவிட்டார். சிதறிய ஏடுகள் திரும்ப வேண்டியிருந்தது.

நம்பெருமாள் திரும்புவதற்கு முந்தைய ஆண்டான 1370இல், ஸாதாரண வருஷம் ஐப்பசித் திருமூலத்தில், ஆழ்வார்திருநகரியில் நம் ஸ்வாமி அவதரித்தார். திருத்தகப்பனார் திகழக்கிடந்தான் திருநாவீறுடையபிரான் தாதரண்ணர். பிள்ளைக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்று திருநாமம் சாற்றினார்கள். தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய சிக்கில் கிடாரத்தில் வளர்ந்து, தந்தையாரிடமே வேதமும் அருளிச்செயலும் ரஹஸ்யங்களும் கற்றார். பின்னர் ஆழ்வார்திருநகரிக்கு வந்து திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்தார்.

இந்த ஆசார்யரின் வரலாற்றைச் சொல்லாமல் சிஷ்யரின் வரலாற்றைச் சொல்ல இயலாது. திருமலையாழ்வார் என்பது திருவாய்மொழிப் பிள்ளையின் இயற்பெயர். இளமையில் மதுரையில் அரச காரியங்களில் ஈடுபட்டிருந்தார். பிள்ளை லோகாசார்யர் தம் அந்திமக் காலத்தில் இவரை நினைந்து, ஸம்ப்ரதாயத்துக்கு இவரை மீட்டுத் தரும்படி கூரகுலோத்தம தாஸர் முதலிய சிஷ்யர்களுக்கு நியமித்தருளினார். கூரகுலோத்தம தாஸர் பொறுமையுடன் பலகால் முயன்று இவரைத் திருத்திப் பணிகொண்டார். அதன்பின் திருமலையாழ்வார் அரச காரியங்களைத் துறந்தார். காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தினார். நம்மாழ்வாரை அங்கே மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். எம்பெருமானாருக்கும் தனியே ஒரு கோயில் அமைத்தார். திருவாய்மொழியில் அவருக்கிருந்த ஈடுபாட்டால் திருவாய்மொழிப் பிள்ளை என்ற திருநாமமே நிலைத்தது.

இவரிடத்தில்தான் ஈடு முப்பத்தாறாயிரப்படி இருந்தது. அது வந்த வழியும் அறியத்தக்கது. நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்கு அருளிச்செய்த பொருளை, பகலில் கேட்டு இரவில் ஏடுபடுத்தி வைத்தார் வடக்குத் திருவீதிப் பிள்ளை. தம் அநுமதியின்றி எழுதப்பட்ட அதனை நம்பிள்ளை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்தருளினார். அவரிடமிருந்து அவர் குமாரர் ஈயுண்ணி பத்மநாபப் பெருமாளுக்கும், அவரிடமிருந்து நாலூர்ப் பிள்ளைக்கும், அவரிடமிருந்து அவர் குமாரர் நாலூராச்சான் பிள்ளைக்கும் ஈடு வந்தது. தேவப்பெருமாள் நியமனத்தால் நாலூராச்சான் பிள்ளையிடம் காஞ்சியில் ஈடு கேட்டவர்களுள் ஒருவர் திருவாய்மொழிப் பிள்ளை. மற்றொருவர் திருநாராயணபுரத்து ஆய்.

படி என்பது 32 எழுத்துகள் கொண்ட அளவு. முப்பத்தாறாயிரப்படி என்றால் பதினோரு லக்ஷத்துக்கு மேற்பட்ட எழுத்துகள். அத்தனையும் ஓலையில் கீறப்பட்டவை. பல தலைமுறைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மட்டுமே வந்தவை. இடையில் ஒரு கை தளர்ந்திருந்தால், ஒரு வீடு தீப்பற்றியிருந்தால், இன்று நாம் திருவாய்மொழியை இவ்வளவு ஆழத்தில் அநுபவிக்க வழியிராது. இந்த நிதி திருவாய்மொழிப் பிள்ளையிடமிருந்து அழகிய மணவாளப் பெருமாள் நாயனாருக்குக் கிடைத்தது.

ஆழ்வார்திருநகரியில் வாழ்ந்த நாள்களில் நாயனார் எம்பெருமானாருடைய ஸந்நிதியில் கைங்கர்யங்கள் செய்து, யதிராஜ விம்சதி என்னும் ஸ்தோத்ரத்தை 20 ச்லோகங்களாக அருளிச்செய்தார். எதிராசரிடத்தில் இவருக்கிருந்த ப்ராவண்யத்தைக் கண்டு யதீந்த்ர ப்ரவணர் என்று அனைவரும் போற்றினார்கள். திருவாய்மொழிப் பிள்ளை தம் இறுதி நாள்களில் இவருக்கு ஒரு கட்டளை இட்டார். ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டுக்கொள்வது. ஆழ்வார்களின் அருளிச்செயல்களிலும் அவற்றின் வ்யாக்யானங்களிலும் எப்போதும் நிலைத்திருப்பது. திருவரங்கத்தில் நித்யவாஸம் செய்து எம்பெருமானுக்கு மங்களாசாஸனம் செய்வது. நாயனாரின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இந்தக் கட்டளையை நிறைவேற்றுவதிலேயே கழிந்தது.

நாயனார் காஞ்சிபுரத்தில் கிடாம்பி நாயனாரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டார். பொருளை இவர் பற்றிக்கொண்ட விதம் கண்டு கிடாம்பி நாயனாரே வியந்தார் என்று பெரியோர் சொல்வர். இவர் ஸ்ரீபாஷ்யத்தில் பெரும் புலமை பெற்றிருந்தும் அதற்கு உரை எழுதிப் புகழ் ஈட்டவில்லை. ஆசார்யன் காட்டிய இடம் அருளிச்செயல். அந்த இடத்திலேயே நின்றார்.

திருவரங்கத்துக்கு எழுந்தருளியபின், பெருமாள் கைங்கர்யத்துக்குக் குடும்பத்தில் நேரும் தீட்டுகள் இடையூறாக இருப்பதைக் கண்டு, சடகோப ஜீயரிடம் ஸந்யாஸாச்ரமம் பெற்றார். ஆச்ரமம் மாறியபோதும் அழகிய மணவாளன் என்னும் திருநாமம் மாறவேண்டாம் என்று நம்பெருமாள் நியமித்தருளியதாக வரலாறு. அந்நாள் முதல் அழகிய மணவாள மாமுனிகள், பெரிய ஜீயர் என்று உலகம் இவரை அழைக்கலாயிற்று. நம்பெருமாள் அளித்த பல்லவராயன் மடத்தைத் திருத்தி, அதில் காலக்ஷேப மண்டபம் ஒன்றை எழுப்பி, தம் ஆசார்யன் பெயரால் திருமலையாழ்வார் மண்டபம் என்று பெயரிட்டார். பிள்ளை லோகாசார்யரின் திருமாளிகையிலிருந்து, ரஹஸ்யம் விளைந்த மண் என்று போற்றி மண் எடுத்துவந்து அம்மண்டபத்தில் சேர்த்தார் என்பர்.

அம்மண்டபத்தில் நடந்த பணியை இன்றைய அன்பர்கள் மனத்தில் கண்டு பார்க்க வேண்டும். பல ஊர்களிலிருந்தும் பழைய சுவடிகளைத் தேடித் தருவித்தார்கள். சிலவற்றில் ஏடுகள் குறைந்திருந்தன. சிலவற்றில் ஓரம் இற்றுப்போயிருந்தது. படியெடுத்தவர் கைப்பிழையால் பாடம் மாறியிருந்தவையும் உண்டு. மாமுனிகள் அவற்றை ஒப்பு நோக்கி, பொருளுக்கும் ஸம்ப்ரதாயத்துக்கும் இசைந்த பாடத்தைத் தேர்ந்து, புதிய ஓலைகளில் படியெடுக்கச் செய்தார். இரவில் விளக்கொளியில் தாமும் அமர்ந்து எழுதினார் என்று பெரியோர் அருளிச்செய்வர். ஈட்டில் நம்பிள்ளை எடுத்தாளும் வேத, இதிஹாஸ, புராண வாக்யங்கள் எங்கெங்கிருந்து வந்தவை என்பதை ஆராய்ந்து, ப்ரமாணத் திரட்டு ஒன்றும் தொகுத்தார். பிறர் நூலைப் பிறர் எளிதில் கற்பதற்காகச் செய்த இவ்வேலையில் இவருடைய கருத்தென்று ஒரு வரியும் இல்லை. கற்பவர்களுக்கோ இது பேருதவி.

தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கொள்ளும் நேர்மையும் இவரிடம் இருந்தது. ஆழ்வார்திருநகரியில் இருந்த ஸமயம், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அருளிச்செய்த ஆசார்ய ஹ்ருதயத்தில் ஒரு சூர்ணையின் பொருள் இவருக்குத் தெளிவாகவில்லை. வேறொருவராயின், தம் புலமையைக் கொண்டு ஒரு பொருளை அமைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர் தம் ஆசார்யரின் ஸப்ரஹ்மசாரியான திருநாராயணபுரத்து ஆயை நினைந்து, மேல்கோட்டைக்கே புறப்பட்டுவிட்டார். ஆயும் இவரைக் காணும் ஆவலுடன் அங்கிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். ஊர் எல்லையில் இருவரும் ஒருவரையொருவர் கண்டு தண்டனிட்டு மகிழ்ந்தார்கள். மாமுனிகள் அவரிடம் அமர்ந்து ஆசார்ய ஹ்ருதயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பின்னாளில் அந்நூலுக்கு வ்யாக்யானம் அருளிச்செய்தபோது அதில் இருந்த உறுதி, இவ்வாறு கேட்டதனால் வந்த உறுதி.

பிள்ளை லோகாசார்யருடைய முமுக்ஷுப்படி, தத்த்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகியவற்றுக்கும், அருளாளப் பெருமாள் எம்பெருமானார் அருளிய ஞானஸாரம், ப்ரமேயஸாரம் ஆகியவற்றுக்கும், இராமாநுச நூற்றந்தாதிக்கும் இவர் வ்யாக்யானம் அருளியுள்ளார். எங்கும் தெளிவே இவர் வாக்கின் அடையாளம். விசதவாக் சிகாமணி என்று இவரை அழைப்பது அதனாலேயே. சூத்திரம் போல் இறுகிய ஸ்ரீவசனபூஷணத்தின் சொற்களை இவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டும்போது, முன்னோர் நெஞ்சில் இருந்ததை அப்படியே வெளியிடுகிறார் என்று கற்பவர் நெஞ்சம் ஒப்புகிறது.

இத்தகையவரைக் கொண்டு ஈட்டைத் தாமே கேட்டருள வேண்டும் என்று நம்பெருமாள் திருவுள்ளம் பற்றினார். பரிதாபி வருஷம் ஆவணியில், அதாவது 1432ஆம் ஆண்டில், நம்பெருமாள் திருமுன்பே மாமுனிகள் ஈட்டின் காலக்ஷேபத்தைத் தொடங்கினார். ஆசார்ய புருஷர்களும் ஜீயர்களும் ஸ்ரீவைஷ்ணவர்களும் கூடியிருக்க, திருவாய்மொழிக்கு உரிய ஏனைய வ்யாக்யானங்களையும் இசைத்து, பாட்டுக்குப் பாட்டு பொருள் விரித்தருளினார். ஒரு காலத்தில் ஒருவர் கையிலேயே அடங்கியிருந்த ஈடு, இப்போது கோயில் நடுவே அனைவர் செவியிலும் விழுந்தது. மறுவருஷமாகிய ப்ரமாதீச ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறை. அன்று சிறுபிள்ளை ஒருவன் அவையின் நடுவே வந்து, மாமுனிகளைப் போற்றும் ஸ்ரீசைலேச தயாபாத்ரம் என்னும் தனியனைச் சொல்லி மறைந்தான். வந்தவர் நம்பெருமாளே என்று பூருவாசார்யர்கள் நிர்ணயித்தார்கள். இன்றும் திவ்யதேசங்களிலும் திருமாளிகைகளிலும் அந்தத் தனியனுடன் அருளிச்செயல் ஸேவை தொடங்கப்படுகிறது. அதில் முதலில் வருவது மாமுனிகளின் ஆசார்யருடைய பெயர். அந்த ஆசார்யரின் தயைக்குப் பாத்ரமானவர் என்பதே அதில் மாமுனிகளுக்குக் கிடைத்த முதல் அடைமொழி. வாழ்நாள் முழுவதும் முன்னோர் பின்னே நின்ற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான புகழ் இல்லை.

நம்பெருமாளே சிஷ்யரான பின்னும் ஸ்வாமியின் நடை மாறவில்லை. உபதேசரத்தினமாலையைப் பார்ப்போம். ஆழ்வார்கள் அவதரித்த மாதம், நக்ஷத்ரம், ஊர்; திருவாய்மொழிக்கு வ்யாக்யானம் அருளிய ஐவர்; ஈடு வந்த வழி; ஸ்ரீவசனபூஷணத்தின் ஏற்றம் எனப் பலவும் அதில் உண்டு. ஸம்ப்ரதாயத்தில் பிறக்கும் ஒரு குழந்தைக்கும் புரியும் எளிய வெண்பாக்கள். தமக்கு அரங்கர் அளித்த பெருமைக்கு அதில் இடமே இல்லை. திருவாய்மொழி நூற்றந்தாதியிலும் அப்படியே. ஒவ்வொரு திருவாய்மொழியின் சாரத்தையும் ஈட்டின் வழிநின்று ஒரு வெண்பாவில் அடக்கி, பத்துப் பத்துகளுக்கும் 100 வெண்பாக்கள் அருளினார். ஈட்டைக் கற்க இயலாதவருக்கும் ஈட்டின் பொருள் போய்ச் சேர வேண்டும் என்ற கருணையே அதன் காரணம்.

பொன்னடிக்கால் ஜீயர், கோயில் கந்தாடை அண்ணன், ப்ரதிவாதி பயங்கரம் அண்ணன், எறும்பியப்பா உள்ளிட்ட அஷ்டதிக்கஜங்கள் இவரிடம் ஒதுங்கினார்கள். இவர்களுள் எறும்பியப்பா, ஸ்வாமியின் அன்றாட அநுஷ்டானத்தை அருகிலிருந்து கண்டு தினசர்யை என்னும் ஸ்தோத்ரமாகப் பாடியருளினார். ஓர் ஆசார்யரின் ஒரு நாள் எவ்வாறு விடிந்து எவ்வாறு முடிந்தது என்பதை நேரில் கண்டவர் வாக்கால் நாம் அறிய முடிவது பெரும் பாக்யம்.

திருமேனி தளர்ந்த இறுதிக் காலத்திலும் எழுதுவதை ஸ்வாமி விடவில்லை. ஆசார்ய ஹ்ருதயத்துக்கான வ்யாக்யானத்தைச் சிரமத்துடன் எழுதி வந்தார். இத்தனை ச்ரமம் எதற்கு என்று சிஷ்யர்கள் கலங்கிக் கேட்டபோது, அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் பேரர்களுக்காகவுமே எழுதுவதாக விடையளித்தார் என்பது பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இதைக் கேட்கும்போது நமக்கு மெய் சிலிர்க்கிறது. அந்தப் பேரர்களின் வரிசையில் நாமும் இருக்கிறோம் அல்லவா?

ருதிரோத்காரி வருஷம் மாசி மாதம் க்ருஷ்ணபக்ஷ த்வாதசியில், 1444ஆம் ஆண்டில், ஸ்வாமி திருநாட்டுக்கு எழுந்தருளினார். அந்த நாளில் இன்றும் திருவரங்கத்தில் நம்பெருமாள் தம் ஆசார்யனுக்கு ஒரு சிஷ்யன் செய்ய வேண்டிய முறையில் திருவத்யயனம் நடத்திவைக்கிறார்.

இவ்விதழின் ஒவ்வொரு பகுதியையும் அமைக்கும்போது நாம் ஒரு சோதனைக்கு உள்ளாகிறோம். வ்யாக்யானத்தில் ஒரு வரி புரியாதபோது, அதைக் கடந்து நம் கருத்தை இட்டு நிரப்பும் ஆசை எழுகிறது. முன்னோர் அழகாகச் சொன்னதை நம் சொல்லால் இன்னும் அழகுபடுத்தலாமே என்றும் தோன்றுகிறது. அப்போதெல்லாம் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தில் ஸ்வாமி எழுத்தாணியை வைத்த இடம் நம் கண்முன் வருகிறது. இன்று ஏடுகளைச் செல் அரிப்பதில்லை. கடல் கடந்த தேசங்களில் வாழும் அன்பர்களும் நொடியில் ஈட்டைத் திரையில் காண்கிறார்கள். ஆனால் கற்பார் இல்லாத நூலுக்கு மறதியே செல். அதனைத் தடுக்கும் பணி நம் ஒவ்வொருவருடையது. நாளுக்கு ஒரு பாசுரமேனும் வ்யாக்யானத்துடன் கற்போம். புரியாத இடத்தை அறிந்த பெரியோரிடம் தண்டனிட்டுக் கேட்போம். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நமக்காக அன்று ஸ்வாமி பட்ட ச்ரமத்துக்கு நாம் செய்யக்கூடிய கைங்கர்யம் இதுவே.

ஜீயர் திருவடிகளே சரணம்.